காலண்டரில் வட்டம் போட வேண்டிய இன்னும் சில நாட்கள்

வட சென்னையில் குத்துச்சண்டைக் கொட்டகைக்குள் நுழைந்தால் ஒரு மூலையில் எடை மெஷின் நிற்கும். அதற்கு மேலே சுவரில் மளிகைக்கடை காலண்டர். செலக்‌ஷன் தேதியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். மாஸ்டர் போடும் கணக்கெல்லாம் அந்த வட்டத்திலிருந்து பின்னோக்கித்தான் நடக்கும். எடை எந்த வாரம் இறங்க வேண்டும், ஸ்பாரிங்கை (கூட்டாளியோடு மோதிப் பழகுவதை) என்றைக்கு நிறுத்த வேண்டும், ரயில் எப்போது ஏற வேண்டும் எல்லாம் அதில் அடக்கம். உடம்புக்கு இவ்வளவு கணக்குப் போடுகிறவர்கள், மனசு என்று வந்தால் மட்டும் "தெகிரியமா இருடா" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

மூக்கில் அடி வாங்கிவிட்டு அடுத்த ரவுண்டுக்கு எழுந்து நிற்கிற பையனிடம் போய் தைரியத்தைப் பற்றிப் பேசுவதே வேடிக்கை. அவனிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. மேல்மட்டத்தில் ஆடுகிறவர்களுக்கு மனசு சரிவது பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடிய நாட்களில்தான். எடை குறைக்கும் வாரங்கள், காயத்துக்குப் பிந்தைய மாதங்கள், பட்டியலில் பெயர் இல்லாத சாயங்காலம், மெடலோடு வந்து இறங்கிய பத்தாவது நாள். இவற்றையும் அதே காலண்டரில் வட்டம் போட்டு வைக்கலாம். இந்தப் பதிவு அதைப் பற்றியது. கோச்சுகளுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பெரிய ஆளுங்களுக்கு இதெல்லாம் வராது" என்பவர்களுக்கு ஒரே ஒரு எண். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்றில், இப்போது ஆடிக்கொண்டிருக்கும் முன்னணி வீரர்களில் 34 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் தென்பட்டன. இது அறிகுறிகளின் கணக்கு. அத்தனை பேருக்கும் நோய் என்று டாக்டர் சொன்ன கணக்கு இல்லை. இருந்தாலும் மூன்றில் ஒருவர். பதினோரு பேர் கொண்ட ஃபுட்பால் டீமில் மூன்று, நான்கு பேர்.

எடை குறைக்கும் வாரங்கள்

குத்துச்சண்டையில் போட்டி நாள் காலையிலேயே எடை பார்ப்பார்கள். ஜெயித்து மேலே போகப் போக, அடுத்த சண்டை நாளிலும் மறுபடி மெஷினில் ஏற வேண்டும். மல்யுத்தத்திலும் இரண்டாம் நாள் எடை உண்டு. 2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸில் வினேஷ் போகத் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டியை இழந்தது 100 கிராமில். அதற்கு முந்தைய இரவு முழுக்க அவர் எடையைக் குறைக்கப் போராடியது உலகத்துக்கே தெரிந்தது. அதே இரவு சின்ன அளவில் ஒவ்வொரு மாவட்டப் போட்டிக்கும் முன்பு நம் பக்கத்து லாட்ஜ் அறைகளிலும் நடக்கிறது. பிளாஸ்டிக் கோட்டு, அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்கிப்பிங், வாயில் சூயிங்கம் போட்டு எச்சில் துப்புவது, தண்ணீருக்குப் பதில் ஐஸ் துண்டு.

கணக்காகப் பார்ப்போம். சாதாரணமாக 63 கிலோ இருக்கும் பையன் 60 கிலோ பிரிவில் ஆட வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம்வரை குறைக்கலாம். அப்படியானால் வாரம் சுமார் 600 கிராம், 3 கிலோவுக்கு 5 வாரம். 5 வாரம் முன்பே தொடங்கினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. 9 நாளில் செய்யப் பார்க்கும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

சாப்பாட்டுக் கணக்கும் இருக்கிறது. 60 கிலோவில் 12 சதவீதம் கொழுப்பு என்றால் கொழுப்பு நீங்கலான எடை 52.8 கிலோ. பயிற்சியில் செலவானது போக, அந்த எடையில் கிலோவுக்கு 30 கலோரியாவது உடம்பின் அன்றாட வேலைக்கு மிஞ்ச வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பல காலம் இருந்த கோடு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நிபுணர் குழுவின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் இது ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்கிறது. ஆனாலும் கொட்டகையில் உட்கார்ந்து கணக்குப் போட 30 கைக்கு எளிது. 52.8ஐ 30ஆல் பெருக்கினால் 1,584. காலை, மாலை இரண்டு பயிற்சிக்கு ஒரு 800. ஆக அவன் குறைந்தது 2,384 கலோரி சாப்பிட வேண்டும். எடை வாரத்தில் அவன் சாப்பிடுவது காலையில் மூன்று இட்லி, மதியம் அரைத் தட்டு தயிர் சாதம், ராத்திரி இரண்டு சப்பாத்தி. ஆயிரத்தைத் தொடாது. இதயம், மூளை, ஹார்மோன், தூக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 200 கலோரி மிஞ்சுகிறது. அந்த உடம்பில் எரிச்சல், அழுகை, தூக்கமின்மை, "எதுவும் வேணாம்" என்ற பேச்சு வந்தால் அதற்குத் திமிர் என்று பெயர் வைக்காதீர்கள். முதலில் சோறு போடுங்கள். இது எதிர்த்திசையிலும் ஓடும். சிலருக்கு மனச்சோர்வு முதலில் வந்து, அதனால் சாப்பாடு குறைந்து, "பரவால்ல, வெயிட் நல்லா இறங்குது" என்று மாஸ்டர் பாராட்டவும் செய்வார்.

எடை பார்த்து முடிந்ததும் பிரியாணி. அளவில்லாமல். அப்புறம் அடுத்த எடையை நினைத்துக் குற்ற உணர்ச்சி, விரலை விட்டு வாந்தி. இது பழக்கமானால் சாப்பாட்டுக் கோளாறு. வாந்தி எடுக்கிறவர்களின் விரல் முட்டியில் பல் பட்டுத் தழும்பு விழும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். பாக்ஸரின் முட்டி எப்போதும் உரிந்துதான் கிடக்கும் என்பதால் இங்கே அந்த அடையாளம் உதவாது. காதுக்குக் கீழே கன்னம் இரண்டு பக்கமும் உப்பியிருக்கிறதா, முன்பல்லின் உள்பக்கம் தேய்ந்திருக்கிறதா, சாப்பிட்ட பத்தாவது நிமிஷம் தவறாமல் பாத்ரூம் போகிறானா என்று பாருங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் "விளையாடுற பொண்ணுக்கு அப்படித்தான்" என்று விடக்கூடாது. 15 வயது முடிந்தும் ஆரம்பிக்கவே இல்லை என்றாலும் அப்படியே. இதை மாஸ்டர் கேட்க முடியாது. கிளப்பில் ஒரு அக்காவிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட வேண்டும்.

லாசிக்ஸ் மாதிரி நீர் பிரிக்கும் மாத்திரை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளது. மாட்டினால் தடை. மாட்டாவிட்டாலும் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

தூக்கம்: கோச் ஒரே நாளில் சரிசெய்யக்கூடியது

13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒற்றை அறை வீடு, அப்பா ஷிஃப்ட் முடிந்து பதினொன்றுக்கு வருகிறார், டிவி ஓடுகிறது, எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கமென்றால் ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி. பதினொன்றரைக்குக் கண் மூடுகிறான். ஐந்தரைக்கு கிரவுண்டில் நிற்க நாலே முக்காலுக்கு எழ வேண்டும். ஐந்தேகால் மணி நேரம். இதை ஆறு நாள் செய்துவிட்டு ஏழாம் நாள் மனோதிடம் பற்றிப் பேசுகிறோம்.

வாரத்தில் மூன்று நாள் காலைப் பயிற்சியை ஆறரைக்குத் தள்ளினாலே மூன்று மணி நேரம் கூடுகிறது. செலவு எதுவும் இல்லை. இன்னொன்று, சாயங்காலப் பயிற்சிக்கு முன்பு அடிக்கும் ப்ரீ-ஒர்க்கவுட் பவுடர். பல டப்பாக்களில் ஒரு கரண்டியில் 200, 300 மில்லிகிராம் காஃபின். உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம். ஆறு மணிக்குக் குடித்தவனுக்கு பதினோரு மணிக்கும் ஒரு ஸ்ட்ராங் காபி அளவு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று மனநல டாக்டரிடம் போகிறவர்கள் முதலில் இந்த டப்பாவை நிறுத்திப் பார்க்கலாம்.

காயம்

முழங்கால் முன்புறத் தசைநார் அறுந்து ஆபரேஷன் நடந்தால் மறுபடி மேட்ச் ஆடக் குறைந்தது ஒன்பது மாதம். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் ஓடி வளர்ந்த ஃபுட்பால் வீரர் நந்தகுமார் சேகர் இந்திய அணிவரை போனார். அந்தத் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருத்தர் மனசிலும் அந்த வழி இருக்கிறது. அந்த வழியில் ஒன்பது மாதம் நிற்பது என்றால் பதினெட்டு வயதுப் பையனுக்கு ஆயுள் தண்டனை மாதிரி.

சரிவு மூன்று இடத்தில் வரும். முதல் இரண்டு வாரம் வலியும் தூக்கமின்மையும். இதை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்கள், ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுக்கிறார்கள். இரண்டாவது சரிவு ஆறாவது, எட்டாவது வாரம். கட்டைக் கழற்றியாகிவிட்டது, நடக்கிறான், பார்க்க நன்றாக இருக்கிறான், ஆகவே யாரும் வருவதில்லை. ஆனால் பந்தைத் தொடக்கூடாது. தொடை சூம்பிப் போயிருக்கிறது. அவன் இடத்தில் இன்னொருவன் ஆடுகிறான். காலண்டரில் போட வேண்டிய வட்டம் இங்கே. மூன்றாவது, களத்துக்குத் திரும்புகிற மாதம். டாக்டர் ஓகே சொல்லிவிட்டார், ஆனால் டாக்கிளுக்குப் போகும்போது அரை வினாடி தயங்குகிறான். கால் தயார், தலை தயார் இல்லை. அந்தத் தயக்கத்தோடு அரைகுறையாகப் பாய்ந்து மறுபடி அடிபடுவதும் உண்டு. இதை அளக்க 12 கேள்விகள் கொண்ட ஒரு தாளே இருக்கிறது. நூற்றுக்கு மதிப்பெண் வரும். பிசியோவிடம் கேட்டால் போட்டுக் கொடுப்பார். மதிப்பெண் குறைவாக வந்தால் நேராக மேட்சில் இறக்காமல், மோதல் இல்லாத ஐந்துக்கு ஐந்து ஆட்டம், அப்புறம் தெரிந்த ஒருவனோடு மட்டும் டாக்கிள், அப்புறம் டீமுக்குள் முழுப் பயிற்சி மேட்ச் என்று ஏற்ற வேண்டும்.

காயம் பட்டவனை வீட்டில் உட்காரவைப்பதும் தப்பு, கிரவுண்டுக்கு வரவழைத்துப் பந்து பொறுக்க விடுவதும் தப்பு. இரண்டாவது இன்னும் மோசம், நேற்றுவரை அவனுக்குப் பந்து பொறுக்கிப் போட்டவர்கள் முன்னால் அது அவமானம். வேலை என்றால் மூளை வேலையாகக் கொடுங்கள். இடதுபக்கம் எத்தனை பாஸ் தப்பியது, எந்த நிமிஷத்தில் எதிர் டீம் கோல் பக்கம் வந்தது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். மேட்ச் முடிந்ததும் அவன் அதை எல்லோருக்கும் வாசிக்கட்டும்.

தலையில் அடி தனிக் கதை. ஸ்பாரிங்கில் அடிபட்டு ஒரு வாரம் கழித்து எரிந்து விழுகிறான், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, பகலெல்லாம் தூங்குகிறான், காரணமில்லாமல் அழுகிறான் என்றால் அது மூளை அதிர்ச்சியாக இருக்கலாம். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, மொபைல் திரை குறைவு, அப்புறம் ஆறு படியாகத் திரும்புதல், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மோதல் உள்ள பயிற்சிக்கு முன் டாக்டர் கையெழுத்து. அறிகுறி இருக்கும்போதே இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இதில் மாஸ்டரின் அனுபவம் செல்லாது.

விரல் உறைவது, காற்றில் திசை தொலைவது

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் வால்ட்டில் (ஓடி வந்து மேடையில் கை ஊன்றித் தாவும் பிரிவு) இரண்டரைச் சுற்று சுழல வேண்டிய இடத்தில் ஒன்றரையோடு தரைக்கு வந்தார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்பது உடம்புக்குத் தெரியாமல் போன நிலை அது. அடுத்த தடவை தலைகீழாக விழுந்தால் கழுத்து போகும். அதனால் அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகினார். பயந்துவிட்டார் என்று பேசியவர்கள் 2024இல் பாரிஸில் அவர் மூன்று தங்கம் வாங்கியபோது வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

இதற்கு நம் பக்கத்து உறவுக்காரன் கேரம் போர்டில் இருக்கிறான். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் கேரம் ஆடுகிறவர்கள் உலகப் பட்டம்வரை போகும் ஊர் இது. 15 கிராம் ஸ்ட்ரைக்கர், பவுடர் தூவிய போர்டு, ரெட் போட்டாயிற்று, கவர் எடுக்க வேண்டும். காயின் பாக்கெட் வாயில். ஆயிரம் தடவை போட்ட அடி. விரல் நகராது, அல்லது தானாக வெட்டி இழுக்கும். வீட்டில் தனியாக ஆடும்போதும் இதேதான் என்றால் நரம்பியல் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரே அசைவைப் பல வருடம் செய்தவர்களின் விரலில் வரும் நரம்புக் கோளாறு ஒன்று உண்டு. மேட்சில் மட்டும், அதுவும் முக்கியமான போர்டில் மட்டும் என்றால் பதற்றத்தின் பங்கு அதிகம். இரண்டாவது வகைக்கு மூச்சு உதவும். நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. பாக்ஸிங்கில் ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவே ஒரு நிமிஷம்தான். கார்னரில் இருக்கிறவர் முதல் அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்று மூச்சு கிடைக்கும். அதற்கப்புறம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம். இதைப் போட்டியன்று புதிதாகச் சொல்லிக் கொடுத்தால் பலிக்காது. தினமும் ஐந்து நிமிஷம், மூன்று நான்கு வாரம் பழகியிருக்க வேண்டும்.

பட்டியலும் மெடலும்

பட்டியலில் பெயர் இல்லாதது இங்கே வெறும் விளையாட்டு ஏமாற்றம் இல்லை. தமிழக அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம். ரயில்வே, ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), போலீஸ் டிரையல்ஸ் வேறு. நேஷனல்ஸ் ஆடினால்தான் பாரம் 2 என்ற, வேலைக்குக் காட்டும் விளையாட்டுச் சான்றிதழ் கிடைக்கும். அந்தத் தாளை நம்பி வீட்டில் அக்கா கல்யாணக் கடன் காத்திருக்கும். அந்தப் பெயர்ப் பட்டியலை ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது கொடுமை. விடுபட்டவர்களுக்கு முதலில், நேரில், ஒவ்வொருவராக. ஏன் இல்லை என்று ஒரு வரி, அடுத்த வாய்ப்பு எந்த மாதம் என்று ஒரு வரி. மூன்றாம் நாள் ஒரு போன். போதும்.

ஜெயித்தவனை யாரும் கவனிப்பதில்லை. துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வாங்கிய பிறகு வந்த வெறுமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 28 ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 2012க்குப் பிறகு உயிரோடு இருக்கவே விரும்பவில்லை என்றார். நம் தெருவில் இதன் வடிவம் இப்படி. பேசின் பிரிட்ஜ் தாண்டி ரயில் வருவதற்குள் சென்ட்ரலில் மேளம், தெருமுனையில் ஃப்ளெக்ஸ், கவுன்சிலர் சால்வை. ஒரு வாரம். பத்தாம் நாள் ஃப்ளெக்ஸின் ஓரம் கிழிந்து காற்றில் அடிக்கிறது. வீட்டு வாடகை அதே வாடகை. எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை, காலைக்கு இலக்கு இல்லை. மெடல் வாங்கியவனுக்குப் பத்தாம் நாளும் முப்பதாம் நாளும் வட்டம் போடுங்கள். முழு ஓய்வு விட வேண்டாம், வாரம் மூன்று நாள் லேசான பயிற்சி, அதே நேரம், அதே இடம்.

கேட்பது, எழுதுவது

ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம். தினமும் நான்கு எண்: தூங்கிய மணி, மனநிலை ஐந்துக்கு எத்தனை, பசி ஐந்துக்கு எத்தனை, எழுந்தவுடன் நாடித் துடிப்பு. கூடவே பயிற்சி முடிந்ததும் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு எண். அதை நிமிஷத்தால் பெருக்கினால் சுமை. 90 நிமிஷம், கஷ்டம் 7 என்றால் 630. அடுத்தவனோடு ஒப்பிடாதீர்கள், அவனுடைய சொந்த இரண்டு வாரத்தோடு ஒப்பிடுங்கள். சுமை ஏறாமலே மனநிலையும் தூக்கமும் மூன்று நாள் சேர்ந்து இறங்கினால் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். நாடி மட்டும் ஏறியிருந்தால் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 16 வயதுக்கு மேற்பட்ட வீரர்களுக்கென்று மனநல மதிப்பீட்டுக் கருவி ஒன்றை வெளியிட்டிருக்கிறது. முதல் படியில் 10 கேள்வி. கூட்டுத்தொகை 17ஐத் தொட்டால் மனச்சோர்வு, பதற்றம், தூக்கம், மது, போதைப் பொருள், சாப்பாடு என்று அடுத்த ஆறு தாள்கள். இதை நடத்த வேண்டியவர் டாக்டர் அல்லது உளவியலாளர். சில இடங்களில் ஆர்வக்கோளாறில் கோச்சே மனச்சோர்வுத் தாளை குரூப்பில் அனுப்பி நிரப்பச் சொல்கிறார். என்ன ஆகும்? எல்லோரும் எல்லாவற்றுக்கும் பூஜ்யம். டீமைத் தேர்ந்தெடுக்கிறவரிடம் எவன் உண்மை எழுதுவான்? கோச்சின் வேலை கவனிப்பதும் அனுப்புவதும். மார்க் போடுவது இல்லை.

கேட்கும் விதம். "ஏன்டா டல்லா இருக்க" என்றால் "ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்றுதான் வரும். பார்த்ததைச் சொல்லிக் கேளுங்கள்: "தம்பி, ரெண்டு வாரமா நீ சரியா சாப்பிடல, கை கட்டும்போது யார்கிட்டயும் பேசல. என்னாச்சு?" அப்புறம் பேசாமல் இருங்கள். அவன் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் "சீன் போடாத", "நான் ஆடுன காலத்துல" இரண்டும் வேண்டாம். பேச்சில் "நான் இல்லாட்டி யாருக்கும் கஷ்டமில்ல" மாதிரி ஏதாவது வந்தால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறானா என்று கேளுங்கள். தனியாக விடாதீர்கள். வீட்டில் மாத்திரை, மருந்து, கயிறு எது கைக்கு எட்டுமோ அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்குச் சொல்லியே ஆக வேண்டும், அதை அவனிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். டெலி-மனாஸ் மனநல உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050. ஆபத்து கண்முன் என்றால் 108 அல்லது நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு.

காரணம் கோச்சாகவே இருக்கலாம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். ஒரு பெண்ணோ பையனோ ஒரு குறிப்பிட்ட ஆள் பயிற்சி கொடுக்கும் நாளில் மட்டும் வயிற்றுவலி என்கிறார்கள், அவர் வருகிற கேம்ப்புக்கு மட்டும் போக மறுக்கிறார்கள் என்றால் மனோதிடம் பேசாதீர்கள். சிறார் மீதான பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் சொல்ல வேண்டியது கட்டாயம், மூடி மறைப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

டாக்டரிடம் போகும் நாள்

வட சென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் ராயபுரம் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. 1794இல் தொடங்கி, இப்போது கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவமனை இன்னொன்று. இந்த இரண்டாவது பெயரில்தான் சிக்கல். "கீழ்ப்பாக்கம் கேஸு" என்பது நம் தெருவில் பரம்பரை வசை. அந்தப் பெயரைக் கேட்டதும் ஆயா ஒப்பாரி வைக்கும். பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள், இரண்டாம் தடவை வரமாட்டான். ஸ்டான்லியில் ஆரம்பிக்கலாம். அங்கே எல்லா வியாதிக்கும் ஒரே வாசல். மனநலச் சிகிச்சைச் சட்டம் 2017படி அவன் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. கோச் போன் போட்டுக் கேட்டாலும் சொல்லக்கூடாது.

போகும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். பயிற்சி நேரம், அடுத்த போட்டி தேதி, எடை பார்க்கும் தேதி, குடிக்கிற பவுடர், மாத்திரை எல்லாவற்றின் பெயர். மேலே பெரிதாக "ஊக்கமருந்து சோதனை உண்டு" என்று எழுதுங்கள். ஓபியில் கூட்டம், டாக்டருக்கு இவன் வீரன் என்று பார்த்தவுடன் தெரியாது.

மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம், ஃப்ளூவாக்செட்டின் எதுவும் தடைப் பட்டியலில் இல்லை. கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் போட்டிக் காலத்தில் தடை. தேவையென்றால் சிகிச்சை விலக்கு அனுமதிக்குக் குறைந்தது 30 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். படபடப்புக்குக் கொடுக்கும் ப்ரொப்ரனலால் துப்பாக்கி சுடுதல், வில்வித்தை, பில்லியர்ட்ஸில் தடை. கேரம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதற்காக நண்பனின் மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது. ஆஸ்துமா இருந்தால் மூச்சு அடைக்கும், ஓடுகிற ஆட்டக்காரனுக்கு இதயத் துடிப்பு ஏறாமல் கால் கனக்கும். மிர்டாசபின் பசியைத் தூண்டி எடை ஏற்றும். எடைப் பிரிவில் ஆடுகிறவன் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து பார்ப்பார். சொல்லாவிட்டால் இரண்டு கிலோ ஏறியதும் தானே நிறுத்திவிடுவான். லித்தியம் சாப்பிடுகிறவர் உப்பையும் தண்ணீரையும் குறைத்து எடை இறக்கவே கூடாது, ரத்தத்தில் மருந்தின் அளவு விஷமாக ஏறும்.

மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் குமட்டல், அமைதியின்மை இருக்கலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களை அந்த முதல் சில வாரம் வீட்டில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், தற்கொலை எண்ணம் சிலருக்கு அப்போது கூடலாம். அதனால் நேஷனல்ஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது புதிதாக மருந்து ஆரம்பிப்பதா என்பது டாக்டரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. நிலைமை மோசமென்றால் நேஷனல்ஸைத்தான் விட வேண்டும்.

அடிக்கடி நடக்கிற தப்பு கடைசியில் வருகிறது. இரண்டு மாதம் சாப்பிட்டு நன்றாகிவிட்டான். கேம்ப்புக்குக் கிளம்புகிறான். ரூம்மேட் பார்த்துவிடுவானோ என்று மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறான். திடீரென்று நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் தலைச்சுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு, கெட்ட கனவு, எரிச்சல். ரயில் பயணம் இரண்டு நாள் என்றால் சரியாக முதல் சண்டை அன்று. கிட் பையில் கை கட்டுத்துணி, பல் கார்டு வைக்கிற உள் ஜிப்பில், அட்டையிலிருந்து பிரிக்காமல், கேம்ப் நாளுக்கு மேல் ஐந்து நாளுக்குச் சேர்த்து எண்ணி வையுங்கள். டாக்டர் சீட்டின் ஜெராக்ஸ் ஒன்று அதோடு, இன்னொன்று மொபைலில் போட்டோவாக.